குன்னூரில் வாழ்ந்த உணவு ஆய்வாளர்

தானியேலையும் அவருடைய மூன்று தோழர்களையும் நாம் அறிவோம். பாபிலோன் அரண்மனையில் அரச உணவை மறுத்து, பத்து நாள்கள் காய்கறி உணவும் தண்ணீரும் போதும் என்று கேட்ட இளைஞர்கள் அவர்கள். பத்து நாள் முடிவில் அரச உணவை உண்டவர்களைவிட அவர்களே நல்ல உடல்நலத்தோடு காணப்பட்டார்கள் என்று விவிலியம் சொல்கிறது. எந்த உணவு மனிதரை நலமாக வாழவைக்கிறது என்ற இதே கேள்விக்கு, நமது நீலகிரி மலையில் பல ஆண்டுகள் விடை தேடிய ஒரு மருத்துவரை இன்று நினைவுகூர்வோம்.

அவர் சர் இராபர்ட் மெக்கரிசன். 1878-ஆம் ஆண்டு அயர்லாந்தின் போர்ட்டடவுன் நகரில் பிறந்தார். மருத்துவம் படித்து, 1901-இல் இந்திய மருத்துவப் பணிக்கு வந்தார். வடக்கே கில்கிட் மலைப்பகுதியில் பணியாற்றியபோது, அங்கே பரவியிருந்த கழுத்துக்கழலை நோயை ஆராய்ந்தார். பிறரை மட்டும் சோதனைக்கு உட்படுத்தாமல், அசுத்தத் தண்ணீரின் கசடைத் தாமே குடித்துப் பார்த்தவர் அவர்.

அப்பகுதியில் ஹுன்சா மக்களின் உடல் உரம் அவரை வியக்கவைத்தது. மலைச்சரிவில் படிக்கட்டுபோல் வயல் அமைத்து, தங்கள் நிலத்தில் விளைந்ததையே அவர்கள் உண்டார்கள். உமியும் தவிடும் நீக்கி வெண்மையாக்காத தானியம், காய்கறி, பழம், பால், எப்போதாவது இறைச்சி. அவ்வளவுதான். அம்மக்கள் நூற்றிருபது வயது வாழ்ந்தார்கள் என்று பிற்காலத்தில் பரவிய கதைகளுக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அவர்களுடைய உழைப்பும் உறுதியும் மெக்கரிசன் தம் கண்ணால் கண்டவை.

1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், ஒரே ஓர் அறையில், பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வு அவர் தலைமையில் தொடங்கியது. தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்த மக்களைத் தாக்கிய நோய் அது. காரணம் எளியது. நரம்புக்கும் இதயத்துக்கும் தேவையான உயிர்ச்சத்து தவிட்டில் இருக்கிறது. வெண்மைக்காக அரிசியைத் தீட்டும்போது அது போய்விடுகிறது. நெல்லைப் புழுக்கும்போது அச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. நம் முன்னோரின் புழுங்கல் அரிசி இப்படித்தான் பல உயிர்களைக் காத்தது.

1923-இல் அரசின் சிக்கன நடவடிக்கையால் அந்த ஆய்வு நிறுத்தப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் உயிர்பெற்று வளர்ந்தது. அங்கே அவர் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. அவ்வுணவில் வளர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளிடையே இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நோயே காணப்படவில்லை. தீட்டிய அரிசியை அடிப்படையாகக் கொண்ட நம் சென்னை மாகாண உணவோ கடைசி இடத்தைப் பெற்றது! வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், சர்க்கரைத் தேநீர், டப்பா இறைச்சி என்று இங்கிலாந்து ஏழைகளின் உணவைப் பெற்ற எலிகள் ஒன்றையொன்று கடித்துக் கொல்லவும் தொடங்கின.

மண்ணையும் அவர் மறக்கவில்லை. விஸ்வநாத் என்ற வேளாண் வேதியியலாளருடன் சேர்ந்து, 1926-இல் எருவிட்ட நிலத்தின் விளைச்சலை இரசாயன உரமிட்ட நிலத்தின் விளைச்சலோடு ஒப்பிட்டார். எருவிட்ட நிலத்துத் தானியத்தில் சத்து கூடுதல் என்று கண்டார். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை. ஆயினும் மண்ணின் நலமும் மனிதரின் நலமும் தொடர்புடையவை என்ற சிந்தனையை அன்றே எழுப்பினார்.

1933-இல் சர் பட்டம் பெற்று, 1935-இல் ஓய்வுபெற்று, 1960-இல் ஆக்ஸ்போர்டில் காலமானார். அவருடைய ஆய்வுக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

அவரது வாழ்வு நமக்குச் சொல்வது என்ன? எளிய உணவு வேறு, வறிய உணவு வேறு. தீட்டிய சோறும் சாறும் மட்டும் உண்பது எளிமை அன்று, அது குறைபாடு. எளிய உணவு முழுமையானது, அருகில் விளைவது. ஒரு காலத்தில் இம்மலையில் ராகியும் சாமையும் பரவலாக விளைந்தன. தேயிலை வந்தபின் அந்த நிலங்கள் சுருங்கின, களியும் தட்டிலிருந்து மறைந்தது. இன்று பிள்ளைகள் கையில் பிஸ்கட்டும் வீட்டில் சர்க்கரை நோய் மாத்திரையும் இருக்கின்றன.

எல்லாரிடமும் நிலம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் லயன் வீட்டின் பின்புறம் ஒரு கீரைப்பாத்திக்கு இடம் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் ராகிக் களி கிண்டலாம். தவக்காலத்தில் இறைச்சியைத் தவிர்க்கும் நாம், மிச்சமாகும் பணத்தில் பால் வாங்க இயலாத ஒரு வீட்டுப் பிள்ளைக்குப் பால் வாங்கிக் கொடுக்கலாம். அன்றாட உணவைத் தாரும் என்று மன்றாடும் நாம், தரப்பட்ட உணவை வீணாக்காமலும், பிறரோடு பகிர்ந்தும் உண்போம்.