வானொலி இயந்திரத்தைச் சைக்கிளில் பூட்டியவர்

போன மாசி மாதம் ஒரு பெடியன் என்னுடைய கராஜுக்கு எம்.டி 90 மோட்டார் சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான். தகப்பன் வைத்திருந்த வண்டி. பின்பக்கத்தை வெட்டி, முன் போர்க்கை நீட்டி, ஹாண்டிலை உயர்த்தி, வெளிநாட்டுப் படங்களில் வருகிற சொப்பர் மாதிரி ஆக்கித் தரவேண்டும் என்று கேட்டான். கைத்தொலைபேசியில் படமும் காட்டினான். நான் உடனே மறுக்கவில்லை. இந்த வண்டியின் உடம்பு குழாய்களால் ஆனதல்ல, தகட்டை அழுத்தி மடித்துச் செய்தது, கண்ட இடத்தில் வெட்டினால் சுமை தாங்காது என்று விளங்கப்படுத்தினேன். போர்க்கை நீட்டினால் மெதுவாக ஓடும்போது முன்சில்லு சொல்வழி கேளாது என்றும் சொன்னேன். அதோடு, தாங்கியில் எழுதியிருந்த பெயருக்குரிய மனிதரைத் தெரியுமா என்று கேட்டேன். கொம்பனியின் பெயர்தானே என்றான். அன்று பின்னேரம் அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சொய்ச்சிரோ ஹொண்டா 1906 நவம்பர் 17ஆம் திகதி ஜப்பானின் சிசுவோக்கா மாகாணத்தில், ஹமாமற்சு நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். தகப்பன் கொல்லர். பிறகு பழைய சைக்கிள்களை வாங்கித் திருத்தி விற்றார். தாய் தறி நெய்தவர். பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரன் என்று எவரும் சொன்னதில்லை. சிறுவனாக இருந்தபோது கிராமத்துக்கு முதன்முதலாக ஒரு கார் வந்தது. அதன் பின்னால் ஓடி, அது நின்ற இடத்தில் நிலத்தில் சிந்திய எண்ணெயைத் தொட்டு மணந்து பார்த்ததை அவர் கடைசிவரை மறக்கவில்லை. 10 வயதில், வித்தை காட்ட வந்த அமெரிக்க விமானியைப் பார்க்க, தகப்பனின் சைக்கிளை வீட்டுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு ஹமாமற்சுவுக்குப் போனார். நுழைவுச்சீட்டுக்குப் பணம் போதவில்லை. மரத்தில் ஏறியிருந்து பார்த்தார்.

15 வயதில் தோக்கியோவில் ஒரு கார் திருத்தும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் அங்கே பல மாதங்கள் முதலாளியின் கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுதான் வேலை. கராஜில் வேலை பழகிய எவருக்கும் இது புதினமல்ல. நானும் யாழ்ப்பாணத்தில் வேலை பழகப் போன முதல் அரை வருடம் தேத்தண்ணி வாங்கவும் நட்டு, போல்ட் கழுவவும்தான் விடப்பட்டேன். 1923 செப்டெம்பரில் தோக்கியோவை அழித்த பெரும் பூகம்பம் வந்தது. எரிந்துபோன வாகனங்களைத் திருத்த ஆட்கள் தேவைப்பட்டபோதுதான் அவருடைய கைக்கு உண்மையான வேலை கிடைத்தது. 1928இல் ஊர் திரும்பி அதே கடையின் கிளையை ஹமாமற்சுவில் திறந்தார். பந்தயக் கார்கள் செய்து தானே ஓட்டினார். 1936இல் ஒரு பந்தயத்தில் கார் கவிழ்ந்து கடுமையான காயம் பட்டது.

பிறகு பிஸ்டன் ரிங் செய்யத் தொடங்கினார். சின்ன வளையம்தானே, வார்த்துக் கடைந்தால் முடிந்தது என்று நினைத்தார் போல. அது முறிந்தது, அல்லது சிலிண்டரைத் தின்றது. இரும்பில் சிலிக்கன் குறைவு என்பதைக் கண்டுபிடிக்க, முப்பது வயதில், சொந்தத் தொழில் வைத்திருந்த மனிதர் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய்ச் சின்னப் பெடியளோடு வாங்கில் இருந்தார். தேவையான பாடத்தை மட்டும் கேட்டார், பரீட்சை எழுதவில்லை, சான்றிதழும் இல்லை. டொயோட்டாவுக்குப் பரிசோதனைக்குக் கொடுத்த 50 வளையங்களில் 3 மட்டுமே தேறின. அங்கிருந்துதான் மேலே வந்தார்.

அவருடைய வாழ்க்கையை எழுதுகிறவர்கள் பலர் போர்க்காலத்தை விரைவாகக் கடந்து போய்விடுகிறார்கள். எங்களைப் போன்ற வாசகர்கள் முன்னால் அப்படிப் போகமுடியாது. அவர் செய்த வளையங்கள் இராணுவத்துக்கும் கடற்படைக்கும் போயின. போர் விமானங்களின் மரச் சுழலிகளைக் கடையும் தானியங்கி இயந்திரம் ஒன்றையும் செய்துகொடுத்தார். கையால் ஒன்று செய்ய ஒரு வாரம் பிடித்தது, அந்த இயந்திரம் அரை மணிநேரத்தில் இரண்டு செய்தது. அந்த விமானங்கள் எந்த ஊர்களின் மேல் பறந்தன என்பதை ஜப்பானிய இராணுவம் போன நாடுகளின் சனங்கள்தான் சொல்லவேண்டும். அவர் அப்பாவி என்று நான் எழுதமாட்டேன். நல்ல மெக்கானிக்கின் கை யாருக்கு வேலை செய்கிறது என்று பார்க்காமலே நன்றாக வேலை செய்துவிடும். அது எங்கள் தொழிலில் உள்ள ஆபத்து.

பிறகு போர் அவருடைய வாசலுக்கே வந்தது. 1944இல் பி-29 விமானங்களின் குண்டுவீச்சில் ஹமாமற்சுவில் இருந்த தொழிற்சாலை அழிந்தது. மிஞ்சியிருந்த இவாற்றா தொழிற்சாலையை 1945 ஜனவரியில் வந்த மிக்காவா பூகம்பம் விழுத்தியது. ஓகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. மிஞ்சியதை அவர் 450,000 யென்னுக்கு டொயோட்டாவிடம் விற்றார். பின் ஒரு வருடம் ஒன்றுமே செய்யவில்லை. மருத்துவ அற்ககோல் ஒரு பீப்பாய் வாங்கி வீட்டிலேயே மது கலந்து, நண்பர்களோடு குடித்துக்கொண்டு இருந்தார். சில புத்தகங்கள் இதை வேடிக்கையாக எழுதுகின்றன. 2009க்குப் பிறகு முகாமிலிருந்து வெளியே வந்து, ஸ்பானரைக் கையில் எடுக்கவே மனமில்லாமல் ஒரு வருடம் முற்றத்தில் கதிரை போட்டு இருந்த எனக்கு அதில் வேடிக்கை தெரியவில்லை.

1946இல் ஹமாமற்சுவில் தகரக் கொட்டில் போன்ற ஒரு இடத்தில், தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் என்று பெரிய பெயர் வைத்துக்கொண்டு மீண்டும் தொடங்கினார். அந்த வருடம் ஒரு நண்பரின் வீட்டில் ஒரு சின்ன இயந்திரம் அவர் கண்ணில் பட்டது. இராணுவம் போர்க்களத்தில் வானொலிக் கருவிக்கு மின்சாரம் எடுக்கப் பாவித்த, ஒற்றைச் சிலிண்டர் இயந்திரம். போர் முடிந்ததால் எவருக்கும் வேண்டாமல் கிடந்தது. ரயில்களில் நிற்க இடமில்லை, பஸ் இல்லை, சனங்கள் அரிசிக்கும் கிழங்குக்கும் கிராமம் கிராமமாகச் சைக்கிள் மிதித்த காலம். அவருடைய மனைவி சச்சியும் அப்படித்தான் போய்வந்தார். இதைச் சைக்கிளில் பூட்டினால் என்ன என்று நினைத்தார்.

தடை விதிக்கப்பட்ட காலத்து யாழ்ப்பாணத்தில் நாங்கள் செய்தது இதற்கு நேர்மாறானது. எங்களிடம் சைக்கிள் இருந்தது, மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம்.

அவருடைய முதல் அமைப்பில் இயந்திரம் ஹாண்டிலுக்கு முன்னால் இருந்தது. ஒரு உருளை முன் ரயரை உரசிச் சுற்றியது. அந்தக் காலத்து ரயர்கள் அதைத் தாங்கவில்லை. இயந்திரத்தைச் சட்டத்தின் நடுவுக்கு இறக்கி, பின் சில்லை வார்ப்பட்டியால் சுற்றவைத்தார். எரிபொருள் தாங்கிக்கு எங்கே போவது? குளிருக்குப் படுக்கையில் வைக்கிற சுடுநீர்க் கலத்தை எடுத்துப் பூட்டினார். அதை முதலில் ஓட்டிக் காட்டியவர் சச்சி. சனம் கூடுகிற தெருக்களில் ஓடினார். காபரேற்றர் துப்பிய எண்ணெய் உடுப்பெல்லாம் பிடித்துவிட்டது என்று வந்து முறையிட, அந்தப் பிழையும் திருத்தப்பட்டது. ஒரு பெண் ஓட்டிப் பார்த்துச் சொன்ன குறை அந்த வண்டியின் முதல் திருத்தங்களில் ஒன்று என்பதை நான் விசேடமாகக் கவனித்தேன்.

பெற்றோல் பங்கீட்டுக்கு மட்டுமே கிடைத்தது. பைன் மரத்தின் வேரிலிருந்து எடுத்த ரேப்பன்ரைனைக் கலந்து ஓடினார்கள். மணக்கும், புகைக்கும், லேசில் உதையாது, ஆனால் ஓடும். இந்த இடத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். 1990க்குப் பிறகு பெற்றோல் வராத யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஹொண்டாக்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சின்னப் போத்தலில் பொன்போல வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் சில சொட்டு விட்டு உதைப்போம். இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்போம். இடிக்காமல் இருக்கச் சிலிண்டர் ஹெட்டின் கீழ் இரண்டு கஸ்கற் போட்டு அமுக்கத்தைக் குறைப்போம். பிளக்கில் கரி பிடிக்கும், ஒவ்வொரு நாளும் கழற்றிச் சுரண்டவேண்டும். தான் செய்த இயந்திரம் அங்கே அப்படி ஓடியது அவருக்குத் தெரிந்திருந்தால் கோபப்பட்டிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

ஏறத்தாழ 500 பழைய இயந்திரங்களும் விற்று முடிந்தன. 1947இல் சொந்தமாக ஏ மாதிரி இயந்திரத்தைச் செய்தார். 1948 செப்டெம்பர் 24ஆம் திகதி 10 இலட்சம் யென் முதலுடன் கொம்பனி பதிவானது. 1949இல் ட்ரீம் என்ற முழு மோட்டார் சைக்கிள் வந்தது. அதே வருடம் தக்கேயோ புஜிசாவா வந்து சேர்ந்தார். காசும் விற்பனையும் அவர் பொறுப்பு, இயந்திரம் ஹொண்டாவின் பொறுப்பு. அந்தப் பிரிப்பு இல்லாவிட்டால் ஹொண்டா ஐந்து வருடத்தில் கடனில் மூழ்கியிருப்பார் என்பது என் கணிப்பு. 1954இல் உண்மையாகவே மூழ்கும் நிலைக்கு வந்தார்கள். அந்த நெருக்கடிக்குள் நின்றுகொண்டுதான் உலகின் கடினமான பந்தயமான மான் தீவுப் பந்தயத்துக்குப் போவோம் என்று அறிவித்தார். 1959இல் போனார்கள். 1961இல் 125, 250 சீசீ இரண்டு பிரிவிலும் முதல் ஐந்து இடங்களும் ஹொண்டாவுக்கு.

எனக்குப் பந்தயத்தைவிட 1958 ஓகஸ்டில் வந்த சூப்பர் கப் பெரிது. 50 சீசீ, நாலு அடி இயந்திரம், விலை 55,000 யென். ஜப்பானில் நூடில்ஸ் கடைப் பெடியள் இடது கையில் தட்டை ஏந்திக்கொண்டு வலது கையால் சைக்கிள் ஓட்டி வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோவார்கள். அவர்கள் ஒற்றைக் கையால் ஓட்டக்கூடியதாக இருக்கவேண்டும் என்று கைக் கிளச்சையே எடுத்துவிட்டார். இயந்திரம் சுற்றும் வேகத்தில் விரிந்து தானாகவே பிடிக்கும் கிளச் உள்ளே இருக்கிறது. கியர் காலில், அக்சிலேற்றர் வலது கையில். இடது கைக்கு வேலையே இல்லை.

எம்.டி 90 அந்தக் குடும்பத்தில் வந்தது. ஜப்பானியத் தபால்காரர்களுக்காகச் செய்த சிவப்பு வண்டி, பழையதாக எங்களிடம் வந்தது. வன்னியில் எங்கள் தெருவில் இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த ஒருவர் இருக்கிறார். சந்தைக்கு மீன் ஏற்றுகிறவர். அவரால் ஓட்டக்கூடியது அந்த வண்டி ஒன்றுதான். நூடில்ஸ் தட்டுக்காக விட்ட இடம் அவருக்கு உதவுகிறது. கால் இழந்தவர்களுக்குத்தான் கூடுதல் வேலை. பின் பிரேக்கைக் கைக்கு மாற்றவேண்டும், பக்கத்தில் சில்லுகள் வைத்து வெல்டிங் செய்யவேண்டும். அப்படி ஏழு வண்டிகள் செய்திருக்கிறேன். முதலாவது, வளைவில் கவிழ்ந்தது. சில்லுகளின் அகலத்தைப் பிழையாகக் கணித்தது நான்தான். ஓட்டியவருக்குத் தோள் விலகியது. அவர் பிறகும் என்னிடமே வந்தார்.

ஹொண்டாவின் பிழை அதைவிடப் பெரிது. காற்றால் குளிரும் இயந்திரமே சரி என்று பிடிவாதம் பிடித்தார். 1968இல் அப்படிச் செய்த பந்தயக் கார் பிரான்ஸின் ருவோன் நகரில் மோதி எரிந்தது. ஓட்டிய ஜோ ஷ்லெசர் இறந்துபோனார். அதன் பிறகும் அவர் இளைய பொறியியலாளர்களோடு வாதாடினார். கடைசியில் புஜிசாவா அவரிடம் கேட்டது ஒரே விடயம்: நீங்கள் தலைவராக இருக்கப்போகிறீர்களா, பொறியியலாளராகவா. அவர் விட்டுக்கொடுத்தார். இளையவர்கள் செய்த நீரால் குளிரும் இயந்திரம்தான் அமெரிக்காவின் புதிய புகைச் சட்டத்தை வென்றது. 1973இல் இருவரும் ஒன்றாக ஓய்வுபெற்றார்கள். பிள்ளைகளை அவர் கொம்பனிக்குள் எடுக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு நாடு முழுவதும் கிளைகிளையாகப் போய் ஒவ்வொரு தொழிலாளிக்கும் கை கொடுத்தார். எண்ணெய்க் கையைத் துடைக்க ஓடியவர்களையும் நிறுத்தி அந்தக் கையையே பிடித்தார். அவருடைய இடது கையும் சுத்தியலும் கடைசல் இயந்திரமும் தின்று, விரல் நுனிகள் குறைந்த கைதான். டொக்டர் யுற்றாக்கா நக்கமுறா என்பவர் பெப்பு நகரில் மாற்றுத்திறனாளிகள் சம்பளத்துக்கு வேலை செய்யும் நிலையம் ஒன்றை 1965இல் தொடங்கியிருந்தார். அங்கே போய்ப் பார்த்தபின் ஹொண்டா சும்மா இருக்கவில்லை. 1981இல் ஹொண்டா சன் என்ற தொழிற்சாலை அவர்களோடு சேர்ந்து உருவானது. சக்கர நாற்காலியில் இருந்தபடி வாகன உதிரிப்பாகம் பொருத்துகிற இடம்.

பெடியன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, வண்டியை வெட்டவேண்டாம் என்று சொல்லவில்லை. ஹாண்டிலை மட்டும் உயர்த்தித் தரச் சொன்னான். செய்து கொடுத்தேன். ஹாண்டில் உயர்ந்தால் பிரேக் கேபிளும் நீளமாகப் போடவேண்டும், அதற்கு நான் காசு வாங்கவில்லை.

ஹொண்டா 1991 ஓகஸ்ட் 5ஆம் திகதி, 84 வயதில் தோக்கியோவில் இறந்தார். கார் செய்கிறவனுடைய செத்தவீட்டால் தெருவில் வாகன நெரிசல் வரக்கூடாது என்று, பெரிய சடங்கு வேண்டாம் எனச் சொல்லி வைத்திருந்தார். அப்படியே செய்தார்கள். ஆனையிறவில் சண்டை நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்ததாக நினைவில்லை. அந்தக் கிழமையும் நான் ஏதோ ஒரு ஹொண்டாவின் பிளக்கைக் கழற்றி மண்ணெண்ணெய்க் கரியைச் சுரண்டிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.