பதவியை விட்டு இறங்கிய காமராஜர்

காஞ்சீபுரத்துக்குத் தெற்கே இருக்கிறது உத்திரமேரூர். நெல் விளையும் ஊர். பெரிய ஏரி உள்ள ஊர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோவில் இருக்கிறது. அதன் சுவர்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கல்வெட்டுகளை இன்றும் காணலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை அவை.

ஊர்ச் சபைக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அந்தக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். குடும்பு என்றால், இந்தக் காலத்து வார்டு போன்றது. தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். சூது வாது தெரியாத ஒரு சிறுவனை விட்டு ஓலையை எடுக்கச் சொன்னார்கள். இதுதான் குடவோலை முறை.

எல்லாருக்கும் அதில் இடம் இல்லை. நிலமும், சொந்த மனையும், வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கே இடம். வயது 35-க்குக் குறையக்கூடாது. 70-ஐத் தாண்டவும் கூடாது.

அந்த விதிகளில் ஒன்று மிகவும் முக்கியமானது. வாரியத்தில் இருந்தவர் 360 நாள் முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். இறங்கியவரின் பெயரை அடுத்த மூன்று ஆண்டுகளுக்குக் குடத்தில் போடக்கூடாது. கணக்குக் காட்டாமல் போனவருக்கு மறுபடியும் இடமே இல்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடம் இல்லை. ஏறுவதற்கு விதி இருந்தது போலவே, இறங்குவதற்கும் விதி இருந்தது.

நம் சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் அப்படி விதி கிடையாது. மக்கள் ஓட்டுப் போடும்வரை ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். ஆகவே, யாரும் இறங்கச் சொல்லாதபோது தாமாக இறங்குகிறவரை ஊர் வியப்போடு பார்க்கிறது.

அப்படி இறங்கியவர் காமராஜர். அவர் இறங்கினாரே, அதனால் அவருடைய கட்சிக்கு லாபமா? நஷ்டமா?

விருதுப்பட்டிச் சிறுவன்

காமராஜர் 1903-ம் ஆண்டு ஜூலை 15-ந்தேதி விருதுப்பட்டியில் பிறந்தார். அதுதான் இன்றைய விருதுநகர். தந்தை குமாரசாமி. தாய் சிவகாமி அம்மாள். நாகம்மாள் என்று ஒரு தங்கை.

சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். தாயார் நகைகளை விற்றார். அந்தப் பணத்தில் வந்த வட்டியைக் கொண்டு குடும்பத்தை நடத்தினார். பையனின் படிப்பு பாதியில் நின்றது. தாய்மாமன் கருப்பையாவின் ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலைக்குப் போனான்.

கடையில் உட்கார்ந்திருந்தாலும் காது கூட்டம் நடக்கும் இடத்திலேயே இருந்தது. 1919-ல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தது. அந்தச் செய்தி அவரைக் காங்கிரசுக்கு இழுத்தது. கலியாணம் செய்துகொள்ளவில்லை. கட்சிதான் குடும்பம்.

1930-ல் வேதாரணியம் உப்பு சத்தியாக்கிரகத்துக்குப் போனார். முதல் முறையாகச் சிறை புகுந்தார். பிறகு பல முறை சிறை. எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய ஒன்பது ஆண்டு வரும். 1937-ல் சாத்தூரில் போட்டியின்றிச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவரானார். அவருக்கு வழிகாட்டியாக இருந்த சத்தியமூர்த்தி, அவருக்குக் கீழே செயலாளராக இருக்கச் சம்மதித்தார். குருவே சீடனுக்கு இடம் விட்டார். அந்தப் பாடத்தைக் காமராஜர் மறக்கவில்லை.

முதல் ராஜினாமா

1941-ல் காமராஜர் வேலூர் சிறையில் இருந்தார். அப்போது விருதுநகர் நகரசபைத் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நாற்காலி ஊரில் காத்திருந்தது. தலைவர் சிறையில் இருந்தார்.

அந்த ஆண்டின் கடைசியில் விடுதலையாகி வந்தார். நகரசபைக்குப் போனார். ஒரே ஒரு கூட்டத்துக்குத் தலைமை வகித்தார். உடனே ராஜினாமாக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். முழுதாகச் செய்ய நேரம் இல்லாத வேலையை வைத்துக்கொண்டிருப்பது சரி அல்ல என்பது அவர் எண்ணம்.

மறு ஆண்டே ஆகஸ்டுப் புரட்சி வந்தது. மறுபடியும் சிறை. 1945-ல்தான் வெளியே வந்தார்.

ராஜாஜி போனார்

1952 பொதுத் தேர்தலில் சென்னை ராஜ்யத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 375 இடங்களில் 152 இடங்களே கிடைத்தன. ராஜாஜி முதல்-மந்திரியானார். அவர் புதிய கல்வித் திட்டம் ஒன்று கொண்டுவந்தார். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்க வேண்டும். மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பு கிளம்பியது. காங்கிரசுக்குள்ளேயே அதிருப்தி பரவியது. 1954-ல் ராஜாஜி விலகினார்.

1954-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந்தேதி காமராஜர் முதல்-மந்திரியானார். தலைவர் தேர்தலில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவரை ஆதரித்த பக்தவத்சலத்தையும் மந்திரிகளாக்கிக்கொண்டார். எதிர்ப்புக்குக் காரணமாக இருந்த கல்வித் திட்டத்தைக் கைவிட்டார்.

மூடிய பள்ளிகள் திறந்தன. புதிய பள்ளிகள் வந்தன. ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு கிடைத்தது. மணிமுத்தாறு, வைகை, சாத்தனூர் அணைகள் எழுந்தன.

1957-ல் தேர்தல் வந்தது. அதற்குள் ஆந்திரம் பிரிந்து போயிருந்தது. சட்டசபையில் 205 இடங்கள். காங்கிரஸ் 151 இடங்களைப் பிடித்தது.

ஒரு முதல்-மந்திரி விலகினார், கட்சி பிழைத்தது. ஏன்? விலகியவரோடு மக்களின் கோபமும் விலகிப் போயிற்று. வந்தவர் புது வழியில் நடந்தார். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

மூன்று தோல்விகள்

1962 தேர்தலிலும் காங்கிரசே வென்றது. 206 இடங்களில் 139 இடங்கள். காஞ்சீபுரத்தில் அண்ணாவையே காங்கிரஸ் அபேட்சகர் நடேச முதலியார் தோற்கடித்தார். கட்சிக்காரர்கள் மகிழ்ந்தார்கள்.

காமராஜர் வேறு கணக்கைப் பார்த்தார். 1957-ல் 15 இடம் பெற்ற தி.மு.கழகம், இப்போது 50 இடம் பெற்றிருந்தது. காங்கிரஸ்காரர்கள் கோட்டையில் இருந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் தெருவில், மக்களோடு இருந்தார்கள்.

வடக்கேயும் நிலைமை சரியில்லை. 1962-ல் சீனாவோடு நடந்த போரில் நாடு அடிபட்டது. 1963-ல் பார்லிமெண்டுக்கு நடந்த மூன்று உப தேர்தல்களில் காங்கிரஸ் தோற்றது. அம்ரோகாவில் கிருபளானி வென்றார். பருக்காபாத்தில் லோகியா வென்றார். ராஜ்கோட்டில் மசானி வென்றார். மூவரும் நேருவைக் கடுமையாக எதிர்த்தவர்கள்.

காமராஜ் திட்டம்

அப்போதுதான் காமராஜர் நேருவிடம் ஒரு யோசனை சொன்னார். மூத்த தலைவர்கள் பதவியை விட்டு இறங்க வேண்டும். கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும். முதலில் தாமே இறங்கத் தயார். நேரு தயங்கினார். நன்றாக நடக்கும் ராஜ்யத்தின் முதல்-மந்திரி ஏன் போக வேண்டும்? காமராஜர் பிடிவாதமாக இருந்தார். ஊருக்கு உபதேசம் செய்து, தாம் மட்டும் நாற்காலியில் இருக்க அவருக்கு மனம் இல்லை.

1963 ஆகஸ்டு மாதம் காங்கிரஸ் கமிட்டி திட்டத்தை ஏற்றது. மந்திரிகளும் முதல்-மந்திரிகளும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். யார் யாரை விடுவிப்பது என்பதை நேருவிடமே விட்டார்கள். நேரு பன்னிரண்டு பேரை விடுவித்தார்.

மத்திய மந்திரிகள் ஆறு பேர்: மொரார்ஜி தேசாய், லால்பகதூர் சாஸ்திரி, ஜெகஜீவன்ராம், எஸ்.கே. பாட்டீல், கோபால ரெட்டி, ஸ்ரீமாலி. முதல்-மந்திரிகள் ஆறு பேர்: சென்னையில் காமராஜர், ஒரிசாவில் பிஜு பட்நாயக், உத்தரப்பிரதேசத்தில் சி.பி. குப்தா, பீகாரில் விநோதானந்த ஜா, மத்தியப்பிரதேசத்தில் மண்டலாய், காஷ்மீரில் பக்ஷி குலாம் முகமது.

தமக்கு வேண்டாதவர்களைக் கழிக்க நேரு இதைப் பயன்படுத்தினார் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். ஆனால் காமராஜர் மீது அந்தச் சந்தேகம் விழவில்லை. அவரை யாரும் தள்ளவில்லை. அவரே இறங்கினார்.

1963-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி, காந்தி ஜெயந்தி நாளில், அவர் பதவியிலிருந்து விலகினார். ஒன்பதரை ஆண்டு ஆட்சி முடிந்தது.

டெல்லியில் புகழ்

1964 ஜனவரியில் புவனேசுவரத்தில் அகில இந்திய காங்கிரஸ் மகாசபை கூடியது. காமராஜர் தலைவரானார். அந்த ஆண்டு மே 27-ந்தேதி நேரு மறைந்தார். அடுத்த பிரதமர் யார் என்று உலகமே கேட்டது. சண்டை இல்லாமல் சாஸ்திரியைப் பிரதமராக்கினார் காமராஜர். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரி இறந்தார். இந்திரா காந்தி பிரதமராவதற்கும் காமராஜரே முன் நின்றார். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் இரண்டு பிரதமர்களை உருவாக்கினார்.

சென்னையில் சரிவு

சென்னையில் அவருக்குப் பிறகு பக்தவத்சலம் முதல்-மந்திரியானார். பூந்தமல்லி அருகே நசரேத்பேட்டையைச் சேர்ந்தவர். படித்தவர், நிர்வாகம் தெரிந்தவர். ஆனால் கிராமத்துக் கிழவியின் அருகே நின்று பேசும் காமராஜரின் பழக்கம் அவருக்கு இல்லை.

காலமும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி வெடித்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. பல உயிர்கள் போயின. அரிசிக்குப் பஞ்சம் வந்தது. பெண்கள் அரிசிக் கடை வாசலில் கால் கடுக்க நின்றார்கள். கட்சி வேலைக்காக இறங்கிய காமராஜரோ, பெரும்பாலும் டெல்லிக் காரியங்களைக் கவனிக்க வேண்டியதாயிற்று.

1967 தேர்தலில் தி.மு.கழகம் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்டுக் கட்சி, முஸ்லிம் லீக் ஆகியவற்றோடு கூட்டுச் சேர்ந்தது. மலிவு விலை அரிசி தருவதாக வாக்குக் கொடுத்தது. 234 இடங்களில் அதற்கு 137 கிடைத்தன. காங்கிரசுக்கு 51 மட்டுமே. ஸ்ரீபெரும்புதூரில் முதல்-மந்திரி பக்தவத்சலம் தோற்றார். ஏறக்குறைய எல்லா மந்திரிகளும் தோற்றார்கள்.

விருதுநகரில் காமராஜரே தோற்றார். அவரை வென்றவர் சீனிவாசன் என்ற இளைஞர். மாணவர் தலைவராக இருந்தவர். வித்தியாசம் 1,285 ஓட்டு. மார்ச் 6-ந்தேதி அண்ணா முதல்-மந்திரியானார்.

லாபமா? நஷ்டமா?

அவர் இறங்கியதால்தான் காங்கிரஸ் தோற்றதா? பலர் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும்.

சென்னையில் காங்கிரசுக்கு நூற்றுக்கு 41 ஓட்டுக்கு மேல் கிடைத்தது. தி.மு.கழகம் தனியாகப் பெற்றது 41-க்கும் சற்றுக் குறைவு. ஆனால் கூட்டணியால் எதிர் ஓட்டுகள் சிதறவில்லை. ஆகவே இடங்கள் அந்தப் பக்கம் போயின.

முதல்-மந்திரிகள் இறங்கிய ஒரிசாவிலும் பீகாரிலும் காங்கிரஸ் ஆட்சி போயிற்று. ஆனால் மேற்கு வங்காளத்தில் முதல்-மந்திரி பி.சி. சென் இறங்கவே இல்லை. அங்கேயும் ஆட்சி போயிற்று. சென் தம் தொகுதியிலேயே தோற்றார். அந்த ஆண்டு காற்றே எதிராக வீசியது. இறங்கியதை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல.

ஆனாலும் இரண்டு ராஜினாமாக்களை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். 1954-ல் இறங்கியவர் மக்களின் கோபத்தை எடுத்துக்கொண்டு போனார். கட்சிக்கு லாபம். 1963-ல் இறங்கியவர் மக்களின் அன்பை எடுத்துக்கொண்டு போனார். கட்சிக்கு நஷ்டம். நாற்காலியை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கலாம். வீட்டு வாசலில் நின்று பல ஆண்டுகள் பழகிச் சேர்த்த நம்பிக்கையை ஒரே நாளில் கைமாற்றிக் கொடுக்க முடியாது. அடுத்த ஆளை முன்னதாகவே மக்களிடம் பழகவிட வேண்டும். மூத்தவர்கள் விலகும்போது எந்தக் கட்சியும் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான்.

உத்திரமேரூர்ச் சபையில் இந்தக் கவலை இல்லை. எல்லாரும் விதிப்படி இறங்கினார்கள். ஆகவே, ஏரியைக் காக்கும் வேலை எந்த ஒருவரின் முகத்தையும் நம்பி நிற்கவில்லை.

கடைசி நாள்

தோற்ற காமராஜர் ஓடி ஒளியவில்லை. யார் மீதும் பழி போடவில்லை. 1969 ஜனவரியில் நாகர்கோவில் உப தேர்தலில் நின்று வென்று பார்லிமெண்டுக்குப் போனார். அந்த ஆண்டே காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. அவர் பழைய காங்கிரசில் நின்றார். 1971-ல் நாகர்கோவில் மக்கள் அவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள்.

1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி சென்னையில் காமராஜர் காலமானார். அன்றும் காந்தி ஜெயந்தி. முதல்-மந்திரி பதவியை விட்ட அதே நாள். பன்னிரண்டு ஆண்டு கழித்து. மறு ஆண்டு அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

சொந்தமாக ஒரு வீடுகூட அவர் சென்னையில் வாங்கிக்கொள்ளவில்லை. பதவியில் இருந்தவர் கணக்குக் காட்ட வேண்டும் என்று உத்திரமேரூர்க் கல்வெட்டுச் சொல்கிறது. காமராஜரின் கணக்கு மிகச் சிறியது. அதைச் சரிபார்க்க அதிக நேரம் தேவைப்பட்டிருக்காது.