கடைசி வாங்குப் பிள்ளையும் அல்பிரெட் பினேயும்

பூநகரிப் பகுதியின் பாடசாலையொன்றில் கடைசி வாங்கைச் சற்று உற்றுப் பாருங்கள். அங்கே வாசிக்கத் தெரியாத ஒரு பிள்ளை இருக்கக்கூடும். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும். ஊரார் அதனை மொக்கு என்று ஒரே சொல்லில் தீர்த்துவிடுவர். அதற்குக் கரும்பலகை தெரியவில்லையா, காது மந்தமா, வலைப்பாட்டிலோ கிராஞ்சியிலோ தொழிற்காலத்தில் தகப்பனோடு கரையில் நின்று பாடசாலையைத் தவறவிட்டதா, அல்லது உண்மையிலேயே அறிவு வளர்ச்சியில் பின்தங்கியதா? இதை ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு ஆசிரியருடையதா, வைத்தியருடையதா, பெற்றோருடையதா?

இக்கேள்விக்காகவே தம் வாழ்நாளின் பிற்பகுதியைச் செலவிட்டவர் அல்பிரெட் பினே. ஆசிரிய கலாசாலையில் பயின்றோர் இப்பெயரைப் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருப்பர். மனிதரை அறிந்தவர் குறைவே.

அவர் 1857-ல் நீஸ் நகரில் பிறந்தார். தந்தை வைத்தியர், தாய் ஓவியர். பெற்றோர் பிரிந்துவிடவே தாயின் பராமரிப்பில் வளர்ந்தார். 1878-ல் சட்டப் பட்டம் பெற்றும் வழக்குரைக்கப் போகவில்லை. பாரிஸ் தேசிய நூலகத்தில் இருந்து மனோதத்துவ நூல்களைத் தாமாகவே கற்றார். பின்னர் சால்பெத்ரியேர் வைத்தியசாலையில் புகழ்பெற்ற சார்கோவிடம் சேர்ந்தார். அங்கேதான் அவருக்குப் பெரும் அவமானம் நேர்ந்தது. காந்தத்தைக் கொண்டு நோயாளரின் உடற்குறிகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றலாம் என்று அவரும் ஒரு நண்பரும் எழுதினர். பெல்ஜிய நாட்டு அறிஞர் டெல்போஃப் நேரில் வந்து பார்த்தார். ஆராய்ச்சியாளர் எதை எதிர்பார்க்கிறார் என்பதை அறிந்துகொண்டே நோயாளர் அப்படி நடக்கின்றனர் என்று அவர் காட்டினார். பினே தம் பிழையைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். சோதிப்பவரின் எண்ணம் சோதிக்கப்படுபவரின் விடைக்குள் புகுந்துவிடும் என்ற பாடத்தை அவர் பிறகு மறக்கவேயில்லை.

வீட்டில் மதலேன், அலிஸ் என்ற இரு புதல்வியர் வளர்ந்தனர். ஒருத்தி நிதானமானவள், மற்றவள் துடுக்கானவள். ஒரே வீட்டில், ஒரே உணவில் வளர்ந்தும் அவ்விருவரும் சிந்திக்கும் விதம் வேறாயிருந்ததைத் தகப்பன் குறித்து வைத்தார். 1891-ல் சோர்பொன் ஆய்வுகூடத்தில் ஊதியமின்றிச் சேர்ந்து, சில ஆண்டுகளில் அதன் தலைவரானார். ஆயினும் பிரான்சில் பேராசிரியர் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. (ஓய்வு நேரத்தில் திகில் நாடகங்களும் எழுதினார் என்றால் நம்புவீர்களா?)

பிரான்சில் 1882-ல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. அதுவரை வீட்டில் கிடந்த பிள்ளைகளும் வகுப்புக்கு வந்தனர். அவர்களுள் படிக்க இயலாதோரை என்ன செய்வதென்று ஆராய அரசாங்கம் 1904-ல் ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. பினே அதில் அங்கத்தவரானார். கல்விப் பரிசோதனையும் வைத்தியப் பரிசோதனையும் நடவாமல் எப்பிள்ளையையும் சாதாரண வகுப்பிலிருந்து நீக்கலாகாது என்று குழு தீர்மானித்தது. ஆனால் பரிசோதிப்பது எப்படி? ஒரே பிள்ளைக்குப் பல வைத்தியர் கொடுத்த அத்தாட்சிகளை பினே ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. ஆசிரியர் சிலர் குழப்படிக்காரரைத் தள்ளிவிட வழி தேடினர். பெற்றோர் சிலர் குறையை மறைத்தனர், சிலர் பெரிதாக்கினர். எனவே எவர் சொல்லையும் தனித்து நம்பலாகாது என்று கண்டார்.

இளம் வைத்தியர் தெயோடோர் சிமோனுடன் சேர்ந்து 1905-ல் முப்பது சிறு சோதனைகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் தொடர்தல், சொக்கலேற்றையும் மரத்துண்டையும் பிரித்தறிதல், இலக்கங்களைத் திருப்பிச் சொல்லுதல் என அது படிப்படியாக ஏறியது. 1908-ல் அவற்றை வயதுவாரியாக ஒழுங்குபடுத்தினார். அமைதியான அறையில், அன்பாக வரவேற்று, பிள்ளை அறிந்த ஒருவர் அருகிருக்கச் சோதிக்கவேண்டும் என்றார். ஒன்பது வயதுக்குட்பட்டோர் இரண்டு ஆண்டும், மூத்தோர் மூன்று ஆண்டும் படிப்பில் பின்தங்கியிருந்தால் ஆராயவேண்டும் என்பது அவரது விதி. பிள்ளை ஒழுங்காகப் பாடசாலைக்கு வந்திருக்கவேண்டும் என்பது அதிலுள்ள நிபந்தனை. வாசகரே, இதைக் கவனியுங்கள். 2009 வரை நீடித்த போரில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வகுப்பிழந்த எம் பிள்ளைகளை இவ்விதிப்படி மந்தமானவர் என்று எழுத எவருக்கும் உரிமையில்லை.

பாரிசில் கிரான்ஜ்-ஓ-பெல் வீதிப் பாடசாலையில், அதிபர் வானேயின் துணையுடன் அவர் ஓர் ஆய்வுகூடம் நடத்தினார். பிள்ளைகளின் பார்வையை ஆசிரியர்களே எழுத்து அட்டையைக் கொண்டு சோதிக்க வழி செய்தார். விசேட வகுப்புப் பிள்ளைகள் சிலைபோல் அசையாதிருக்கும் விளையாட்டும், நீர் நிறைந்த கிண்ணத்தைச் சிந்தாமல் சுமக்கும் விளையாட்டும் பழகினர். அவதானம் பயிற்சியால் வளரும் என்று அவர் நம்பினார். பிறவியறிவு மாறாது என்போரை 1909-ல் வெளிவந்த நூலில் கடிந்துகொண்டார். அவ்வாண்டே பிரான்சில் விசேட வகுப்புகளுக்கான சட்டமும் வந்தது. 1911 ஒக்டோபரில், தமது 54-வது வயதில் காலமானார்.

அடுத்த ஆண்டே ஜெர்மானியர் ஸ்டேர்ன், மனவயதை உடல்வயதால் வகுத்து ஒற்றை எண்ணாக்கும் முறையைத் தந்தார். அமெரிக்காவில் கொடார்ட், டேர்மன் ஆகியோர் கையில் அச்சோதனை மனிதரைத் தரம்பிரித்து ஒதுக்கும் கருவியாயிற்று. கரி பக் என்ற இளம் பெண்ணின் மனவளர்ச்சி ஒன்பது வயதுக்குரியது எனக் கணக்கிட்டனர். 1927-ல் உயர்நீதிமன்றத்தின் அனுமதியோடு அவளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்தனர். பாடசாலையில் அவள் ஒழுங்காக வகுப்பேறியவள் என்பதும், முதுமையிலும் நாள்தோறும் பத்திரிகை வாசித்தவள் என்பதும் பின்னர் தெரியவந்தன. இத்தகைய கருத்தடையைப் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1930-ன் இறுதியில் தமது சுற்றுமடலில் கண்டித்தார்.

சிமோன் 1961 வரை வாழ்ந்தார். அந்த ஒற்றை எண் தம் நண்பரின் நோக்கத்துக்குச் செய்யப்பட்ட துரோகம் என்றே அவர் கருதினார்.