குருதி காட்டிய நீலம்

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களின் ஆலைகளில் இடர்மிகு பணி செய்வோருக்குக் காலமுறை மருத்துவப் பரிசோதனை நடத்தவேண்டும் என்பது சட்டம். நோயின் அறிகுறி ஏதும் இல்லாத தொழிலாளியின் குருதியும் அதில் ஆராயப்படுவதுண்டு. வலி தோன்றுமுன் குருதி அறிவிக்கும் மாற்றங்கள் பல. அவற்றுள் ஒன்றை எளிதில் அளக்க வழிகண்டவர், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இவர் 1895இல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். உடன்பிறந்தார் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய் அடுத்தடுத்துப் பறித்தது. அந்நோய் இவரையும் வாட்டியது. மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்து அறுவைக்கூடம் புகுந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

1922இல் பாஸ்டன் சென்ற சுப்பாராவ், மருத்துவமனையில் கடைநிலை ஊழியராக உழைத்துக்கொண்டே ஹார்வர்டில் பயின்றார். அங்கே சைரஸ் ஃபிஸ்கேயுடன் இணைந்து, குருதியிலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை வகுத்து 1925இல் வெளியிட்டார். மாலிப்டேட்டுடன் பாஸ்பேட்டை வினைபுரியச் செய்து, பின் ஒடுக்கினால் நீலநிறம் பிறக்கும். நீலத்தின் அடர்த்தியே பாஸ்பரஸின் அளவு. குழந்தையின் கால் வளையுமுன்னரே ரிக்கெட்ஸ் நோயில் இவ்வளவு குறையக்கூடும். சிறுநீரகம் பெரிதும் தளர்ந்தாலோ உயரும். கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைக் கண்ணாலேயே அளக்கச் செய்த எளிமைதான் இம்முறையின் பேரழகு. இதே கருவியைத் தசைக்குள் செலுத்தியபோது பாஸ்போகிரியேட்டினும், பின்னர் உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யும் வெளிப்பட்டன.

இத்தனைக்குப் பின்னும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பேராசிரியப் பணி அளிக்கவில்லை. 1940இல் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கு அவர் வழிநடத்திய குழுவினர் 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினர். உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூ நோயில் குருதி குன்றுவதைத் தடுக்கும் மருந்து அதுவே. இருபதாண்டுகளுக்கு மேல் தாமதமாக வந்தது. அவ்வமிலத்தின் செயலை முறிக்கும் அமினோப்டெரின் என்னும் மருந்தையும் அக்குழு ஆக்கியது. சிட்னி ஃபார்பர் அதனை இரத்தப் புற்றுநோயுற்ற சிறாருக்குக் கொடுத்தார். நோயணுக்கள் சில காலமேனும் பின்வாங்கியதைச் சிறாரின் குருதியே காட்டியது. அம்முடிவுகள் வெளியான 1948ஆம் ஆண்டிலேயே, ஆகஸ்டு மாதம், தம் 53ஆம் வயதில் சுப்பாராவ் உறக்கத்தில் உயிர்நீத்தார். தாயகம் திரும்பவேயில்லை.

இன்றைய தானியங்கிக் கருவிகள் குருதியின் பாஸ்பரஸை அளக்கையிலும் பெரும்பாலும் அதே மாலிப்டேட் வினையையே கையாளுகின்றன.