அரண்மனையை மறந்த கவிஞர்

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது கடையம். மகாகவி பாரதியாரின் மனைவி செல்லம்மாளின் ஊர் அது. 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையினின்று விடுதலையானதும் பாரதியார் அங்கேதான் வந்து சேர்ந்தார். கையில் காசில்லை, குடும்பமோ கண்முன் நின்றது.

எட்டயபுரம் நினைவுக்கு வந்தது. பதினொரு வயதுச் சுப்பையாவுக்குப் பாரதி என்று பட்டம் சூட்டிய ஊரல்லவா! 1919 மே மாதம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி வரைந்தார். பெருமிதத்தோடுதான் கேட்டார்; ஆயினும், நண்பர்களே, கேட்டார். அரண்மனை வாய் திறக்கவில்லை. வெள்ளையர் ஆட்சிக்கு அஞ்சி வாழ்ந்த ஜமீன்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

அடுத்த ஆண்டு அவர் பார்வை தெருவின் பக்கம் திரும்பியது. நாற்பது நூல்கள், ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படிகள், மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீடுதோறும் விலைபோகும் என்று கணக்கிட்டு, அச்சுச் செலவுக்குப் பொதுமக்களிடம் கடன் கேட்டார். மன்னனின் பொற்கிழிக்கும் புலவரின் தலையசைப்புக்கும் அத்திட்டத்தில் இடமே இல்லை. காசு கொடுத்து வாங்கும் எளியவனே அவருக்குப் போதும்.

பணம் சேரவில்லை. 1920 நவம்பரில் சென்னை வந்து சுதேசமித்திரனில் மீண்டும் அமர்ந்தார். எழுத்து நிற்கவில்லை. 1921 ஜூலை 31இல் ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையத்தில், ஒரு சிறு வாசகசாலையில், மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருள்பற்றிப் பேசினார். செப்டம்பர் 12இல் மறைந்தார்.