ரோமில் விழுந்த ஒரு கோல்

ஆக்கி வீரர் சங்கர் லட்சுமணனின் வாழ்க்கை

1960-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி. இத்தாலியின் தலைநகரான ரோமில் ஒலிம்பிக் ஆக்கி இறுதி ஆட்டம்.

ஒரு பக்கம் இந்தியா. மறு பக்கம் பாகிஸ்தான். இந்தியாவின் கோலைக் காத்து நின்றவர் சங்கர் லட்சுமணன். அப்போது அவருக்கு வயது 27.

அதுவரை ஒலிம்பிக் ஆக்கியில் இந்தியா தோற்றதே கிடையாது! 1928-ல் தொடங்கி 6 முறை தங்கப் பதக்கம். ரோமில் இறுதி ஆட்டத்துக்கு வந்து சேரும் வரை, தொடர்ந்து 30 ஆட்டங்களில் வெற்றி. ஒரு ஆட்டம் கூடச் சரிசமமாக முடியவில்லை.

தாத்தா காலத்தில் இருந்து வீட்டில் இருக்கும் நகையைப் பேரன் கையில் கொடுத்து, பத்திரம் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது, அன்று களத்தில் இறங்கிய 11 பேரின் நிலை.

பாண்டு வாத்தியப் பையன்

மத்தியப் பிரதேசத்தில் மாவ் என்று ஒரு பட்டாள ஊர் உண்டு. டாக்டர் அம்பேத்கர் பிறந்த ஊர் அது. அங்கேதான் 1933-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி சங்கர் லட்சுமணன் பிறந்தார்.

நாடு சுதந்திரம் அடைந்த 1947-ம் ஆண்டில் அவர் பட்டாளத்தில் சேர்ந்தார். துப்பாக்கி தூக்க அல்ல. பாண்டு வாத்தியக் குழுவில் சேர்ந்தார். வயது 14 தான்.

முதலில் அவர் ஆடியது கால்பந்து. பிறகுதான் ஆக்கி. மராட்டா காலாட்படையில் இருந்து பட்டாள அணிக்கும், அங்கிருந்து இந்திய அணிக்கும் வந்தார்.

அவருக்குக் கிடைத்தது கோலைக் காக்கும் வேலை. ஆக்கி கோலின் அகலம் 12 அடி. உயரம் 7 அடி. கல் போன்ற பந்து, கண் இமைப்பதற்குள் வந்து விழும். இந்தக் காலக் கோல் காவலர்களுக்குத் தலைக்கவசம், முகமூடி, மார்புக் கவசம் எல்லாம் உண்டு. அந்தக் காலத்தில் காலுக்குக் கட்டிய பட்டைதான் பெரிய பாதுகாப்பு. முகம் வெறும் முகம்!

1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு இந்தியாவில் இருந்து இரண்டு கோல் காவலர்கள் சென்றார்கள். ஒருவர் சங்கர் லட்சுமணன். மற்றவர் நம் சென்னைப் போலீசைச் சேர்ந்த ரங்கநாதன் பிரான்சிஸ். பிரான்சிஸ் ஏற்கெனவே 1948, 1952 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கியவர்.

அந்த ஒலிம்பிக்கில் இந்தியா 38 கோல் போட்டது. வாங்கியது எத்தனை தெரியுமா? ஒன்று கூட இல்லை! இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை 1-0 என்று வென்றது.

ஆனால் எதிரி நெருங்கி வந்துகொண்டிருந்தான். 1958-ல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. இரண்டு அணியும் கோல் போடவில்லை. கோல் கணக்கைப் பார்த்துப் பாகிஸ்தானுக்குத் தங்கத்தைக் கொடுத்தார்கள். இந்தியாவுக்கு வெள்ளி.

அந்த ஒரு பந்து

ரோமுக்கு வருவோம்.

தொடக்கத்தில் இந்தியா வெளுத்து வாங்கியது. டென்மார்க்கை 10-0, ஆலந்தை 4-1, நியூசிலாந்தை 3-0 என்று வென்றது. பிறகு கோல் வற்றத் தொடங்கியது. கால் இறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0 என்றுதான் வெல்ல முடிந்தது. அரை இறுதியில் பிரிட்டனோடும் அதே 1-0.

இறுதி ஆட்டம் தொடங்கியது. முற்பாதியிலேயே பாகிஸ்தான் வீரர் நசீர் பந்தா கோல் போட்டார்.

ஒரே ஒரு பந்து. லட்சுமணனைத் தாண்டிப் போய்விட்டது.

இன்னும் நேரம் இருந்தது. இந்திய வீரர்கள் முட்டி மோதினார்கள். அணித்தலைவர் லெஸ்லி கிளாடியஸ் மூன்று முறை தங்கம் வாங்கியவர். நம் சென்னையைச் சேர்ந்த வி. ஜே. பீட்டரும் அந்த அணியில் இருந்தார். எல்லாம் இருந்தும் கோல் விழவில்லை. கிடைத்த வாய்ப்புகள் வீணாயின.

பாகிஸ்தான் 1. இந்தியா 0. முப்பத்திரண்டு ஆண்டுப் பட்டம் பறிபோனது.

அந்தத் தோல்விக்கு யார் காரணம்? கணக்குப் பார்த்தால், 6 ஆட்டங்களில் இந்தியா வாங்கியது மொத்தமே 2 கோல். முன்வரிசையில் ஆடிய 5 பேர் ஒரு கோல் கூடப் போடவில்லை. ஆனால் கோல் போடாததை யாரும் படம் பிடிப்பதில்லை. கோல் வாங்கியவரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி ஆலைகளில் இரவுக் காவல் பார்ப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஆயிரம் இரவு விழித்திருந்தது யார் கணக்கிலும் ஏறாது. ஒரு இரவு பூட்டு உடைந்தால் முதலில் கூப்பிடுவது காவல்காரரைத்தான்!

1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டிலும் அதே கதை. இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தான் 2-0 என்று வென்றது.

மீண்டும் அதே எதிரி

வேறு ஒருவராக இருந்தால் மட்டையைக் கீழே வைத்திருப்பார். லட்சுமணன் வைக்கவில்லை.

1964-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி. டோக்கியோ ஒலிம்பிக் இறுதி ஆட்டம். எதிரில் மறுபடியும் பாகிஸ்தான். கோலில் மறுபடியும் லட்சுமணன்.

முற்பாதியில் கோல் இல்லை. மறுபாதியில் இந்தியாவுக்குப் பெனால்டி கிடைத்தது. மொகிந்தர் லால் அதைக் கோலாக்கினார். அதன் பிறகுதான் உண்மையான சோதனை. பாகிஸ்தான் வீரர்கள் அலை அலையாக வந்தார்கள். பெனால்டி கார்னர் அடித்தார்கள். லட்சுமணன் காலால் தடுத்தார், மட்டையால் தடுத்தார், பாய்ந்து விழுந்து தடுத்தார். கடைசி வரை ஒரு பந்தும் உள்ளே போகவில்லை.

இந்தியா 1. பாகிஸ்தான் 0. ரோமில் போன தங்கம் திரும்பி வந்தது!

அவருக்கு அர்ச்சுனா விருது கிடைத்தது. 1966-ல் பாங்காக் ஆசிய விளையாட்டுக்கு அவரே அணித்தலைவர். கோல் காவலர் ஒருவர் இந்திய அணிக்குத் தலைவர் ஆவது அதற்கு முன் நடக்காத காரியம். அங்கும் இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கி வந்தார். 1967-ல் பத்மஸ்ரீ பட்டம்.

அடுத்த ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக். அணியில் லட்சுமணனுக்கு இடம் இல்லை. இந்தியா இறுதி ஆட்டத்துக்கே போகவில்லை; வெண்கலம்தான் கிடைத்தது. அத்துடன் அவர் ஆக்கியை விட்டு விலகினார். பட்டாள வேலையில் மட்டும் நீடித்து, கேப்டன் பதவியில் ஓய்வு பெற்றார்.

பிறகு நாடு அவரை மறந்தது. மெல்போர்னுக்கு அவரோடு சென்ற பிரான்சிசும் இப்படித்தான். மூன்று தங்கம் வாங்கிய அவர், 1975-ல் சென்னையில் வறுமையில் காலமானார்.

லட்சுமணன் சொந்த ஊரான மாவில் இருந்தார். கையில் பணம் இல்லை. முதுமையில் காலில் புண் வந்து அழுகத் தொடங்கியது. காலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவருக்கு மனம் வரவில்லை. மாற்று வைத்தியம் பார்த்தார். குணம் ஆகவில்லை.

2006-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி, தமது 72-வது வயதில் அவர் காலமானார்.