மாண்டிசோரி அம்மையார்

இத்தாலி நாட்டில் 1870-இல் பிறந்த மரியா மாண்டிசோரி அம்மையார் மருத்துவம் பயின்றவர். அறிவு குன்றியோர் என ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கே முதலில் எழுத்தறிவித்தார். அவர்களிற் சிலர் ஏனைய மாணவருக்குரிய தேர்விலேயே தேறினர். குறை கற்பிக்கும் முறையிலேயே என அம்மையார் தெளிந்தார். படிப்பு ஏறாதவர் என்னும் பழியைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த நமக்கு இது சிறு செய்தியன்று.

1907-இல் ரோம் நகரில் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை அட்டையில் ஒட்டி, விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லச் செய்தார். பின்னர்ப் பிள்ளைகள் தனி எழுத்துகளை அடுக்கிச் சொல்லமைத்தனர், எழுதினர், அதன் பிறகே வாசித்தனர். எழுத்தை அறியுமுன்பே தீப்பெட்டியின் சொரசொரப்பை அறிந்த பிஞ்சு விரல்களை நம் ஆலங்குளம் வட்டாரத்தில் எத்தனை கண்டிருக்கிறோம்!

1939-இல் அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென ஆல்காட் 1894-இல் பள்ளி தொடங்கிய பகுதி அது. போர்க்காலத்தில் பகைநாட்டவர் என்னும் கட்டுப்பாட்டுக்கு ஆளாகியும் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். 1952-இல் மறைந்தார். ஏழைப் பிள்ளைகளிடையே வளர்ந்த அவர் முறையைக் கட்டணப் பள்ளிகள் தம் பெயர்ப்பலகையில் ஏற்றிக்கொண்டன. அட்டையும் உப்புத்தாளும் நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன.